அந்தக் குறுஞ்செய்தியை ஏன் அழிக்கிறீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 38. பத்து வருடத்தில் சம்பளம் இரண்டு மடங்காகிவிட்டது. ஆனாலும் 20ஆம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் நிற்பதில்லை. குடி, சூது எதுவும் கிடையாது. கிரெடிட் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகையை ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறேன். (பில் பற்றிய குறுஞ்செய்தியை மனைவி பார்ப்பதற்குள் அழித்துவிடுவேன், அவருக்கு வீண் கவலை எதற்கு?) குடும்பத்துக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. பணம் தங்காதது என் ராசியா?

பதில்: ராசியை விடுங்கள். அடைப்புக்குறிக்குள் ஒரு வரியைச் செருகியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம்.

மனைவிக்கு வீண் கவலையாம். நான் நம்பவில்லை, தம்பி. 'இந்த மாதம் எதற்கு இவ்வளவு?' என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயந்துதான் அழிக்கிறீர்கள். உங்களிடம் பதில் இருந்திருந்தால் கைபேசி பாட்டுக்கு மேசையில் கிடந்திருக்கும்.

தவறாமல் கட்டுவதாகப் பெருமை வேறு. நிலுவை 100 என்று வையுங்கள். மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் (உங்கள் கார்டில் சற்றுக் கூடலாம், குறையலாம்). கட்டுகிற ஐந்தில் மூன்றை வட்டி விழுங்கிவிடும். அசலில் இறங்குவது வெறும் இரண்டு. புதிதாக ஒரு குண்டூசிகூட வாங்காமல் இப்படியே கட்டிவந்தாலும், கடன் பாதியாவதற்கு இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும். நீங்களோ வாங்கிக்கொண்டே இருக்கிறீர்கள். நிலுவை வைத்திருப்பவருக்கு வட்டியில்லா நாட்கள் பொதுவாகக் கிடைக்காது. இன்று தேய்த்ததற்கு இன்றே வட்டி ஓடத் தொடங்கும். மாதம் மூன்று என்று கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். வட்டிக்கு வட்டி ஏறினால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். சம்பளம் ஏறியபோதெல்லாம் கார்டின் வரம்பும் ஏறியிருக்குமே? அதையும் உங்கள் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இது எதுவும் தெரியாமல் ஒரு பெண் உங்கள் வீட்டுச் செலவுக்குத் திட்டம் போடுகிறார். கணவர் கையில் பணம் இருக்கிறது என்று நம்பித்தான் பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறார். பிறகு அவரைச் செலவாளி என்று சொல்லப்போவதும் நீங்கள்தான்; இப்படி எழுதிய கணவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். குறை வைத்ததில்லையா? கட்டியவளிடம் கடனை மறைப்பதைவிடப் பெரிய குறை எனக்குத் தெரிந்து கிடையாது. நாளை உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், இந்தக் கடனைப் பற்றி வசூலுக்கு அழைக்கிறவர் வாயால்தான் அவர் முதன்முதலில் கேட்பார். யோசித்தீர்களா?

இன்றிரவு பிள்ளைகள் தூங்கியதும் கடைசி ஆறு மாத பில்களை எடுத்து அவர் முன் வையுங்கள். சுருக்கிச் சொல்லாதீர்கள், அவரே படிக்கட்டும். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். கார்டையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். மாதம் எவ்வளவு அடைப்பது என்று இருவருமாக முடிவு செய்து, சம்பளம் வந்த அன்றே கட்டுங்கள். குறைந்த வட்டிக்கு வேறிடத்தில் வாங்கி இதை அடைக்கலாமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அந்தக் கணக்கையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தே போடுங்கள்.

அடுத்த மாதக் குறுஞ்செய்தி வரும்போது கைபேசி அவர் கையில் இருக்கட்டும்.