அசாகுசாவில் எது பழையது?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கும்பகோணத்துக்காரன். வேலை நிமித்தமாக டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் குடியிருக்கிறேன். வரும் மே மாதம் என் பெற்றோர் முதன்முறையாக ஜப்பான் வருகிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இருவருமே முட்டைகூடச் சேர்க்காத சைவம். ‘பழைய டோக்கியோவைக் காட்ட வேண்டுமென்றால் அசாகுசா’ என்று எல்லோரும் சொன்னதால், முன்கூட்டியே ஒருமுறை நான் மட்டும் போய்ப் பார்த்தேன். பெருத்த ஏமாற்றம். சென்சோஜி என்ற புத்தர் கோயிலின் கருவறைக் கட்டடம் 1958இல் எழுப்பிய கான்கிரீட், ‘இடிவாயில்’ எனப்படும் முன்வாயில் 1960, ஐந்தடுக்குக் கோபுரம் 1973. நடுவே சாவிக்கொத்தும் விசிறியும் விற்கும் கடைகள். சோழர் கற்றளிகளுக்கு நடுவே வாழ்ந்தவர்களிடம் இதைப் பழமை என்று எப்படிக் காட்டுவது? உடன் வேலை பார்க்கும் நண்பர், ‘இசே கோயிலையே இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள், ஜப்பானியர்களுக்கு மூலக் கட்டடம் ஒரு பொருட்டல்ல’ என்கிறார். எனக்கு அது சமாளிப்பாகப் படுகிறது. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அவர்கள் அங்கே என்ன சாப்பிடலாம் என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் நண்பரின் வாதம் சமாளிப்புதான். இசேயைப் புதுப்பிப்பது முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யும் சடங்கு. அதே வகை மரம், அதே தச்சு முறை, பக்கத்திலேயே ஒதுக்கி வைத்த நிலம் என்று எல்லாம் ஏற்பாட்டின்படி நடக்கும். கடைசியாக 2013இல் நடந்தது. அசாகுசாவில் யாரும் விரும்பிப் பழைய கட்டடத்தை இடிக்கவில்லை. நாட்டை ஆண்ட படைத்தலைவரான (ஷோகன்) தொக்குகாவா இயெமித்ஸு 1649இல் கட்டிக்கொடுத்த பெரிய மரக் கோயில், 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் தப்பித்து நின்றது. அன்று அதன் வளாகத்தில் ஒதுங்கிய பெருங்கூட்டம் பிழைத்தது. கோயிலின் தெய்வமான கன்னோன் காப்பாற்றினாள் என்ற நம்பிக்கை அந்த வட்டாரத்தில் வேரூன்றியது. 1945 மார்ச் 10 அதிகாலை அமெரிக்க விமானங்கள் எரிகுண்டுகளைப் பொழிந்தபோது, அதே நம்பிக்கையில் மக்கள் மறுபடியும் கோயிலை நோக்கி ஓடினார்கள். இம்முறை கோயிலும் எரிந்தது, வந்தவர்களும் எரிந்தார்கள். அந்த ஒரே இரவில் டோக்கியோவில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,00,000 பேர். மரத்தில் கட்டிய கோயில் அப்படி எரிந்ததைக் கண்ணால் கண்டவர்கள், திரும்ப எழுப்பும்போது எரியாத பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள். நீங்கள் பார்த்து முகம் சுளித்த கான்கிரீட்டின் கதை இதுதான். பெற்றோரிடம் அதை மறைக்கவோ, அதற்காகக் கூச்சப்படவோ தேவையில்லை. முதலில் சொல்ல வேண்டிய செய்தியே அதுதான் என்பது என் கருத்து.

அவர்களைக் கருவறைக்கு அழைத்துப்போகும் முன்பு, வளாகத்தில் நிற்கும் ஜிங்கோ மரத்தருகே நிறுத்துங்கள். அந்தத் தீயில் கருகிய அடிமரத்தின் வடு இன்றும் தெரிகிறது; கருகலைச் சுற்றிப் புதிய பட்டை வளர்ந்து விளிம்பு கட்டியிருக்கிறது, மேலே கிளைகள் ஒவ்வோர் ஆண்டும் தழைக்கின்றன. பிறகு நிமிர்ந்து கோயில் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சுட்ட ஓடுபோலத் தோன்றும் அது 2010இல் வேயப்பட்ட டைட்டானியத் தகடு. நிலநடுக்கத்தில் கனமான ஓடு சரிந்து கீழே நிற்பவர் தலையில் விழக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. சுவருக்குத் தீயை நினைத்துப் பொருள் தேர்ந்தவர்கள் கூரைக்கு நிலநடுக்கத்தை நினைத்துத் தேர்ந்திருக்கிறார்கள்.

அசலைத்தான் பார்க்க வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால் அதற்கும் வழியுண்டு. கோயிலை ஒட்டி நிற்கும், ஜப்பானின் சொந்த மதமான ஷின்தோவைச் சேர்ந்த அசாகுசா ஆலயம் 1649இல் கட்டியது, குண்டுவீச்சிலும் தப்பியது. கிழக்குப் பக்கத்திலுள்ள நிதென்மொன் வாயில் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இரண்டுமே அரசு பாதுகாக்கும் பண்பாட்டுச் சொத்துகள். கூட்டம் முழுவதும் இடிவாயிலில் தொங்கும் பெரிய சிவப்பு விளக்கின் கீழே படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, இவ்வளவு பழைய இந்த வாயிலில் பெரும்பாலும் பத்துப் பேர்கூட நிற்பதில்லை.

அந்தச் சிவப்பு விளக்கையும் அலட்சியப்படுத்திவிடாதீர்கள். இடிவாயில் 1865இல் எரிந்த பிறகு தொண்ணூற்றைந்து ஆண்டுகள் அந்த இடத்தில் நிலையான வாயில் இல்லை. பானசோனிக் நிறுவனத்தை உருவாக்கிய மாட்சுஷிதா கொனோசுகே தம் செலவில் 1960இல் அதைக் கட்டித்தந்தார். விளக்கு 3.9 மீட்டர் உயரம், சுமார் 700 கிலோ எடை. மூங்கில் சட்டத்தின்மேல் காகிதம் ஒட்டிச் செய்வது என்பதால் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை கியோட்டோவில் புதிதாகச் செய்து கொண்டுவருகிறார்கள். உள்வாயிலான ஹோசோமொன் 1964இல் இன்னொரு தொழிலதிபர் தந்த கொடை. அதன் பின்புறம் தொங்கும் 4.5 மீட்டர் வைக்கோல் செருப்புகளை யமகாதா மாநிலத்து முராயாமா ஊர் மக்கள் தங்கள் கையால் பின்னிக் காணிக்கையாகத் தருகிறார்கள். இவ்வளவு பெரிய செருப்பைப் போடுகிறவர் காவலிருக்கிறார் என்று தெரிந்தால் தீய சக்திகள் அஞ்சி ஓடும் என்பது கணக்கு. கட்டியவன் பெயரைக் கல்வெட்டில் தேடிப் பழகிய உங்கள் அப்பாவுக்கு, இங்கே விளக்கின் அடிப்பட்டையிலும் செருப்பின் அருகிலும் கொடையாளர் பெயர் எழுதியிருப்பது உடனே கண்ணில் படும்.

தமிழாசிரியர் என்று சொன்னீர்கள். அவருக்கென்றே ஒரு செய்தி இருக்கிறது. இங்கே வழிபடப்படும் கன்னோன் வேறு யாருமல்லர், போதிசத்துவராகிய அவலோகிதர்தான். பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் எழுந்த வீரசோழியம் என்ற இலக்கண நூல், அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று சொல்வதை அவர் வகுப்பில் நடத்தியிருக்கக்கூடும். கி.பி. 628இல் சுமிதா ஆற்றில் வலை வீசிய மீனவச் சகோதரர் இருவரின் வலையில் அந்த அவலோகிதரின் சிறு படிமம் சிக்கியது என்பதும், ஊர்த்தலைவர் தம் வீட்டையே கோயிலாக்கினார் என்பதும் இங்குள்ள தலபுராணம். அந்த மூலப் படிமத்தை யாரும் பார்க்க முடியாது, பூசகர்கள் உட்பட. அதற்கு மாற்றாக வைத்த உருவம் மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பர் 13 அன்று, சிறிது நேரம் திறந்து காட்டப்படும். மூலப்பொருளைக் காண முடியாத ஒரு கோயிலில் நின்றுகொண்டு கட்டடம் அசலா என்று நாம் விசாரிப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மீனவர் இருவரும் ஊர்த்தலைவருமாகிய அந்த மூவரே பக்கத்து ஷின்தோ ஆலயத்தில் தெய்வங்களாக வழிபடப்படுகிறார்கள்.

அம்மாவுக்குச் சீட்டெடுப்பது பிடிக்கும் என்று நினைக்கிறேன். உரிய காசைப் போட்டு, உலோகக் குடுவையைக் குலுக்கி, துளை வழியே வரும் குச்சியின் எண்ணைப் பார்த்து, அந்த எண்ணுள்ள இழுப்பறையிலிருந்து தாளை எடுத்துக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்: சென்சோஜியின் நூறு சீட்டுகளில் முப்பது தீய பலன் சொல்பவை. மற்றக் கோயில்கள் காலப்போக்கில் அவற்றைக் குறைத்துக்கொண்டன, இவர்கள் பழைய விகிதத்தை விடவில்லை. தீய சீட்டு வந்தால் அருகிலுள்ள கம்பியில் கட்டிவிட்டு வந்துவிடலாம்.

கன்னோனைப் பார்த்தபின், ஆற்றோரமாக வடகிழக்கே சிறிது தூரம் நடந்தால் மாட்சுசியாமா ஷோதென் என்னும் சிறு மேட்டுக்கோயில் வரும். சென்சோஜியின் கிளைக் கோயில்தான். உள்ளே இருப்பவர் காங்கிதென், அதாவது நம் விநாயகர்; யானைத்தலை கொண்ட இருவர் தழுவி நிற்கும் உருவம் என்பார்கள், அதுவும் மறைத்து வைக்கப்பட்டது. இங்கே காணிக்கை வெள்ளை முள்ளங்கி. கோயிலிலேயே முழு முள்ளங்கியாக வாங்கிச் சந்நிதியில் வைக்கிறார்கள். படிக்கட்டிலும் விளக்குகளிலும் இரட்டை முள்ளங்கியும் பணப்பையும் சின்னமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. படைத்த முள்ளங்கிகள் பின்னர் வந்தவர்களுக்கே கொடுக்கப்படுவதும் உண்டு. முதியவர்கள் ஏற ஒரு சிறு சரிவு வண்டியும் வைத்திருக்கிறார்கள். கும்பகோணத்துக்காரர்களுக்கு நாள் முழுவதிலும் இந்த அரைமணி நேரம்தான் அதிகம் பேசக் கிடைக்கும் என்பது என் ஊகம்.

இனி சாப்பாடு. முக்கியமான இடைஞ்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். இறைச்சியும் மீன் துண்டும் இல்லாத தட்டு என்பதால் ஜப்பானில் அது சைவமாகிவிடாது. சோபா நூடுல்ஸின் சாறு, மிசோ சூப், தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பு என எல்லாவற்றுக்கும் அடிப்படை, கட்சுவோ மீனைப் புகையிட்டு உலர்த்திச் சீவிய சீவலிலிருந்து இறக்கிய டாஷி என்ற சாறு. மாவில் தோய்த்துப் பொரித்த கத்திரிக்காய்த் தெம்புரா என்றாலும் இறால் பொரித்த அதே எண்ணெயில்தான் பொரியும். ஆகவே மதிய உணவுக்கு வீகன் என்று வெளியே எழுதியிருக்கும் கடையை முன்பே பார்த்து வையுங்கள். இப்போது அசாகுசாவில் அப்படிப்பட்டவை உண்டு. இல்லையென்றால் நிஷிகசாயிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரைப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடலாம், அதில் குறைவொன்றுமில்லை.

இனிப்பில்தான் அவர்களுக்கு அசாகுசா முழுதாகத் திறக்கும். ஃபுனாவா கடை 1902 முதல் விற்கும் இமோ யோகான், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சர்க்கரை, சிறிது உப்பு ஆகிய மூன்றே பொருள்; மஞ்சள் நிறத்தில் நீளக் கட்டியாக, விரலால் அழுத்தினால் உதிரும் பதத்தில் இருக்கும். காமினாரி ஒகோஷி, அரிசிப் பொரியைப் பாகில் பிடித்துக் கடலை சேர்த்து வெட்டியது. நம் பொரியுருண்டைக்குச் சதுரமாகப் பிறந்த தம்பி என்று சொல்லலாம். இரண்டையும்விட நான் வற்புறுத்துவது உமேசோனோவின் அவா சென்சாய். 1854இல் தொடங்கிய கடை. அரக்குக் கிண்ணத்தின் ஒரு பாதியில் பாதி குத்திய பனிவரகை ஆவியில் வேகவைத்துப் பிசுபிசுவென்று வைத்திருப்பார்கள். மறு பாதியில் அசுகி என்ற சிவப்புப் பயற்றை அரைத்த விழுது, கொதிக்கக் கொதிக்க. வரகில் இலேசான கசப்பு, விழுதில் திகட்டும் இனிப்பு. இரண்டையும் சேர்த்தள்ளிச் சாப்பிட்டு, நடுவே சிறுதட்டிலுள்ள உப்பிட்ட, ஷிசோ என்ற மூலிகைச் செடியின் விதையை ஒரு சிட்டிகை வாயில் போட்டால், அடுத்த கரண்டி புதிதாகத் தொடங்கும். தானியத்தின் மணம் அம்மாவுக்குப் பழக்கமானதாகவே இருக்கும். நிங்கியோயாகி என்ற பொம்மை வடிவ அப்பத்தையும் மெலன்பான் என்ற இனிப்பு ரொட்டியையும் வாங்கித் தந்துவிடாதீர்கள். இரண்டின் மாவிலும் முட்டை உண்டு. எதை வாங்கினாலும் கடை முன்பே நின்று தின்றுவிட வேண்டும். கோயிலுக்குப் போகும் நகமிசே கடைத்தெருவில் தின்றுகொண்டே நடப்பதை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள், குப்பைத் தொட்டியும் எளிதில் கிடைக்காது.

நீங்கள் மீன் சாப்பிடுபவரென்றால், அவர்கள் இளைப்பாறும் நேரத்தில் கொமகாதா தோஜோ என்ற உணவகத்துக்குத் தனியே போய்வாருங்கள். 1801 முதல் நடக்கிறது. தரையில் உட்கார வேண்டும், எதிரே நீண்ட தாழ்ந்த பலகை. தோஜோ என்ற சிறு சேற்றுமீன்களை முதலில் சாக்கே என்ற அரிசி மதுவில் ஊறவைத்து வேகவைத்து, தட்டையான இரும்புத் தட்டில் வரிசையாக அடுக்கி, கரியடுப்பின்மேல் வைத்துத் தருகிறார்கள். பெட்டியிலிருக்கும் நறுக்கிய வெங்காயத்தாளை மீன் மறையும் அளவுக்கு அள்ளிக் குவித்து, அது வாடியதும் சாப்பிட வேண்டும். அசாகுசா என்றும் எளிய மக்களின் வட்டாரம். அரசு நகரத்துக்குள் வேண்டாம் என்று தள்ளிய கபுகி அரங்குகள் 1840களில் வந்து சேர்ந்தது இதன் அருகில்தான், ஜப்பானின் முதல் நிலையான திரைப்பட அரங்கு 1903இல் திறந்ததும் இங்கேதான். வேலை முடித்தவன் கும்பிட்டு, வேடிக்கை பார்த்து, வயிறு நிறைத்துத் திரும்பும் இடமாகவே அது பிழைத்திருக்கிறது. நீங்கள் குறைப்பட்டுக்கொண்ட கடைத்தெருவும் அந்தப் பிழைப்பின் ஒரு பகுதி. சாவிக்கொத்து எனக்கும் பிடிக்காது என்பது வேறு.

வழியைச் சொல்லிவிடுகிறேன். தோசாய் தடத்தில் நிஹொம்பாஷி வரை வந்து கின்சா தடத்துக்கு மாறுங்கள். அசாகுசாவுக்கும் உவேனோவுக்கும் இடைப்பட்ட அதன் பகுதி 1927இல் திறந்த, ஆசியாவின் முதல் சுரங்க ரயில். எட்டு மணிக்குள் சேர்ந்துவிட்டால் கோயில் காலியாக இருக்கும். கடைகள் திறக்க ஒன்பது பத்து ஆகும். ஒன்பதுக்கு மேல் இடிவாயிலுக்கு எதிரே, கட்டடக் கலைஞர் கென்கோ குமா வடிவமைத்த சுற்றுலாத் தகவல் மையத்தின் எட்டாம் தளத்துக்கு மின்தூக்கியில் ஏறினால், வாயிலிலிருந்து உள்வாயில் வரை சுமார் 250 மீட்டர் தெரு நேர்க்கோடாகத் தெரியும். கட்டணம் இல்லை. கையால் இழுக்கும் ரிக்‌ஷாவைத் தவிர்க்கலாம். பாத்திரக்கடைகள் வரிசையாக நிற்கும் கப்பாபாஷிக்கு அம்மாவைப் பிற்பகலில் அழைத்துப்போங்கள், ஞாயிறு அன்று அங்கே பாதிக்கு மேல் மூடியிருக்கும்.

மே மாதம் என்பதால் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தின் மூன்றாவது வாரயிறுதியில், ஷின்தோ ஆலயத்துத் தெய்வங்களான அந்த மூவருக்குமான சான்ஜா திருவிழா. சனியும் ஞாயிறும் பல்லக்குகளோடு தெருவே நெரிபடும். பல்லக்கு நுழைவதற்காகப் பெரிய விளக்கையே மடித்து மேலே கட்டிவிடுவார்கள். முதியவர்களோடு அந்த நெரிசலில் சிக்க வேண்டாம். அதே திருவிழாவின் வெள்ளிக்கிழமை பிற்பகல் ஊர்வலமும் ஆலயத்தில் பின்சசாரா என்ற பழைய நடனமும் நடக்கும், மழை வந்தால் ஊர்வலம் மட்டும் நிற்கும். விடுப்புக் கிடைக்குமானால் அந்த வெள்ளிக்கிழமையை எடுங்கள்.

அன்புடன்.