எம்ஜிபி காருக்கு அகல டயர் போட்டால் உரசுமா?

திருகோணமலையில் ஓட்டும் பழைய எம்ஜிபிக்கு (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) 14 அங்குல ரிம்மில் 165/80 டயருக்குப் பதிலாக 195/60 போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் எண் டயரின் அகலம் மிமீயில், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. போடலாம், ஆனால் நான் 185/70தான் சொல்வேன். பழைய டயரின் விட்டம் ஏறக்குறைய 620 மிமீ, 185/70க்கு 615. பெரிய வித்தியாசம் இல்லை. 195/60 என்றால் வெறும் 590. கார் 15 மிமீ பதியும், ஸ்பீடோமீட்டரும் கூட்டிக் காட்டும்.

உரசல் பெரும்பாலும் பின்பக்கம்தான். இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவு என்று நம்ப வேண்டாம். புதுச் சில்லுகளை மாட்டி, மட்கார்ட்டின் உள்விளிம்பில் களிமண் ஒட்டி, ஆளை ஏற்றிக்கொண்டு ஒரு வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். நசுங்கி மிஞ்சும் களிமண்ணின் தடிப்புத்தான் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி.

போதாதென்றால் விளிம்பை உள்ளே மடக்கலாம். ஆனால் மடக்கிய இடத்தில் பெயின்ட் வெடிக்கும், அன்றைக்கே பூசச் சொல்லுங்கள். நிலாவெளிப் பக்கத்து உப்புக்காற்று அங்கேதான் முதலில் கைவைக்கும்.

அப்புறம், ரிம் வாங்க முன் உங்களுடையது கம்பிச் சில்லுக் காரா என்று பாருங்கள். அதன் பின் அச்சு குட்டை, அதனால் ஓஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் அளவு) கணக்கு மாறும். போதாக்குறைக்கு இது பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி. அகல டயரோடு கோணேசர் கோயிலடியில் நிறுத்தித் திருப்பும்போது கை வலிக்கும்.