கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் யாருக்கு?

கேள்வி: அப்பப்பா காலத்திலிருந்து தம்பலகாமத்தில் வயல் செய்கிறோம். குளக்கோட்டன் ராசா கட்டிய குளம், முதல் தண்ணீர் நமக்குத்தான் என்பார் அவர். இப்போது மழை குறைந்த சிறுபோகம் வந்தால் வாய்க்காலின் கடைசியில் நின்று வானத்தைப் பார்க்கிறோம். உரிமை கேட்க முடியாதா?
– தம்பலகாமத்து வாசகர்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் குளக்கோட்டனைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் சரிவராது. கோணேசர் கல்வெட்டு என்ற பழைய நூல் அவர் பெயரைச் சொல்கிறது, சரித்திரப் புத்தகம் 7ஆம் நூற்றாண்டு மன்னன் இரண்டாம் அக்கபோதி என்கிறது. யார் கட்டியிருந்தாலும் அந்தக் காலத்துத் தண்ணீர் சும்மா வந்ததில்லை, கட்டுக்கு மண் போடவும் வாய்க்கால் துப்புரவாக்கவும் ஊரே இறங்க வேண்டும். 1832இல் வெள்ளைக்காரன் இராசகாரியம் என்ற அந்தக் கட்டாய ஊழியத்தை நிறுத்தினான். கட்டாய வேலை ஒழிந்தது நல்லதுதான், ஆனால் குளம் பார்க்கிற கடமையும் கூடவே போய்விட்டது. குளங்கள் பாழாவதைப் பார்த்த பிறகு 1856இல் சட்டம் போட்டு, பழைய ஊர் வழக்கத்தையே திரும்பக் கொண்டுவந்தார்கள். வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் ஊர் அதிகாரியான வட்டவிதானையின் சொல்லுக்குச் சட்டத்தின் பலம் கிடைத்தது அப்படித்தான். (உங்கள் அப்பப்பா அந்த ஆளை எத்தனை தரம் திட்டினாரோ!) 1958 நெற்காணிச் சட்டம் அந்தப் பதவியையே எடுத்துவிட்டுப் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது.

இதற்கிடையில் குளத்தடியில் குடியேற்றத் திட்டம் வந்தது, அப்புறம் கரும்பும் வந்தது. குளம் ஒன்றுதான், கை நீட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

இன்றைக்கு உங்கள் பங்கு தீர்மானமாகிற இடம் போக ஆரம்பக் கூட்டம். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எந்தத் திகதியில் துருசு (மதகு) திறப்பது, எந்த நாளுக்குள் விதைத்து முடிப்பது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது எல்லாம் அங்கேதான் முடிவாகும், முடிவானால் அது எல்லாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தும். தண்ணீர் போதாத வருசம் முழு வயலையும் செய்ய விடமாட்டார்கள். அப்போது துருசுக்குக் கிட்டவுள்ள வயலில் கடைசி வயல்காரருக்கும் ஒரு துண்டு ஒதுக்கிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது, ‘பெத்ம’ என்பார்கள். மேலே வயல் வைத்திருப்பவர் அதைத் தானாக வாய் திறந்து சொல்லமாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும், கூட்டக் குறிப்பிலும் எழுதச் சொல்ல வேண்டும்.

சரி, போன சிறுபோகக் கூட்டத்துக்கு உங்கள் கமக்காரர் அமைப்பிலிருந்து எத்தனை பேர் போனீர்கள்?