துப்பாக்கி மேம்படப் போகிறது என்பதற்காகக் கப்பல் வாங்கலாமா?

கேள்வி: 'ஸ்டார் சிட்டிசன்' விண்வெளி விளையாட்டில் கப்பலை விட்டு இறங்கி நேருக்கு நேர் சுடும் சண்டை வரும் பதிப்புகளில் வெகுவாக மேம்படும் என்கிறார்கள். அதற்காக, விளையாட்டுக்குள் ஓட்டும் கப்பல் ஒன்றை 300 டாலர் நிஜப் பணம் கொடுத்து இப்போதே வாங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். துப்பாக்கிச் சண்டை மேம்பட்டால், அது எல்லோருக்கும் ஒரே நாளில் இலவசமாகவே மேம்படும். முதுகுப்பையிலிருந்தே தோட்டா நிரப்புவது, திரையில் குறி காட்டும் புள்ளி நம் அசைவுக்கு ஏற்ப விரிந்து சுருங்குவது போன்ற மாற்றங்கள் 2024 மே மாதம் 3.23 பதிப்பில் வந்தபோது, ஏறக்குறைய 45 டாலர் கட்டி உள்ளே நுழைந்தவருக்கும் 27,000 டாலர் கப்பல் தொகுப்பை வாங்கியவருக்கும் ஒன்றுபோலவே வந்தன. எண்ணைத் தவறாக அச்சிடவில்லை; 2018-இல் அப்படியொரு தொகுப்பு விற்பனைக்கு வந்தது, அதன் பக்கத்தைப் பார்ப்பதற்கே முன்னதாக 1,000 டாலர் செலவழித்திருக்க வேண்டும்.

கேள்வி: இந்த விளையாட்டைப் பதினொரு நாளுக்கு முன் வாங்கினேன். என்னிடம் இருப்பது 8 ஜிபி ராமும் பழைய ஹார்ட் டிஸ்கும் உள்ள மடிக்கணினி. ஓடவே மாட்டேன் என்கிறது. ஏதாவது வழி உண்டா?

பதில்: 16 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் வேண்டும் என்று வாங்கும் முன்பே படித்திருக்கலாம். 30 நாட்களுக்குள் கேட்டால் பணம் திரும்பக் கிடைக்கும், இன்றே கேளுங்கள்.

கேள்வி: 'விரைவில் வருகிறது' என்று சொல்லிப் பணம் வாங்குவது வாக்குறுதி ஆகாதா?

பதில்: இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல விரும்பாத வேறொரு நிறுவனத்தின் விண்வெளி விளையாட்டுக்கு, தரையில் இறங்கிச் சுடும் பகுதி விரைவில் வரும் என்று நம்பி முன்பணம் கட்டினேன். விளையாட்டு வரவில்லை, நன்றிக் கடனாக ஒரு டி-ஷர்ட் மட்டும் வந்தது, அதுவும் என் உடம்பில் ஏறவில்லை. இன்று அதைக் கொண்டுதான் கணினித் திரையைத் துடைக்கிறேன்.

ஸ்டார் சிட்டிசனின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012 அக்டோபரில் மக்களிடம் நிதி திரட்டத் தொடங்கியபோது 2014-இல் வெளிவரும் என்றார்கள். 2015-இல் எதிர்பார்க்கப்பட்ட 'ஸ்டார் மரீன்' என்ற துப்பாக்கிச் சண்டைப் பகுதி, 2016 டிசம்பரில் 2.6 பதிப்போடுதான் வந்து சேர்ந்தது. அங்கே நீங்கள் கட்டும் தொகைக்கு விலை என்று பெயரில்லை, அது 'ஆதரவுத் தொகை'. இந்த ஒரு சொல்லுக்குள்தான் வாங்குபவரின் உரிமை தேய்கிறது. ஏறத்தாழ 4,500 டாலரைத் திரும்பக் கேட்டு ஒருவர் 2018-இல் லாஸ் ஏஞ்சலிஸ் சிறுவழக்கு நீதிமன்றம் போனபோது, அவர் ஏற்றிருந்த ஒப்பந்த விதிகளின்படி நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துவைக்கும் நடுவரிடமே போக வேண்டும் என்று வழக்கு தள்ளுபடியானது. யாரும் படிக்காமல் 'சம்மதம்' அழுத்தும் பக்கத்தில்தான் அந்த விதியும் இருந்தது.

கேள்வி: சண்டை உண்மையிலேயே மேம்பட்டதா என்று காசு கொடுக்காமல் சோதிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆண்டில் சில முறை, குறிப்பாக மே, நவம்பர் மாத விழாக்களை ஒட்டி, இலவசமாக விளையாட விடுகிறார்கள். அப்போது கூட்டம் நிறைந்த நேரத்தில் ஒரு பதுங்குகுழிக்குள் இறங்கிப் பாருங்கள். கணினி இயக்கும் எதிரி நாற்காலியின் மேல் ஏறிச் சிலைபோல நின்றாலோ, நாலைந்து குண்டு பட்டும் ஒன்றும் நடக்காமல் இரண்டு நொடி கழித்துச் சுருண்டு விழுந்தாலோ, கோளாறு துப்பாக்கியில் இல்லை, மூச்சு வாங்கும் சர்வரில் இருக்கிறது என்று பொருள். 2024 டிசம்பரில் 4.0 பதிப்போடு பல சர்வர்களை இணைத்து ஒரே உலகை நடத்தும் முறையைக் கொண்டுவந்ததும் இந்தச் சுமையைப் பகிர்வதற்காகத்தான். விளம்பரப் படத்தில் சர்வர் ஒருபோதும் திணறாது.

கேள்வி: கப்பல்கள் நிறைந்த விளையாட்டுக் கணக்கு ஒன்றை ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கினேன். மூன்றாம் நாள் கடவுச்சொல் மாறிவிட்டது. அவர் பதில் சொல்வதில்லை. வீட்டில் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கப்பட வேண்டியவர் அவர், நீங்கள் அல்ல. முதலில் பதிவு செய்தவர் தன் பழைய மின்னஞ்சலைக் காட்டிக் கணக்கை மீட்டுக்கொள்வது இந்த மோசடியின் வழக்கமான வடிவம். உங்களைவிட விவரமானவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். கார்டில் கட்டியிருந்தால், உரையாடலின் படங்களையும் ரசீதையும் இணைத்து, அந்தத் தொகையை மறுப்பதாக வங்கிக்கு இன்றே எழுத்தில் கொடுங்கள். அந்த ஆளுக்கு இன்னொரு செய்தி அனுப்பி எச்சரிக்காதீர்கள். வங்கி என்ன சொன்னது என்று எனக்கு எழுதுங்கள்.