பேசக் காத்திருக்கும் மனைவி, பேசிக் களைத்த கணவர்

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது. கணவரின் வேலைக்காக மூன்று வாரம் முன்பு வெளிநாடு வந்தோம். நானும் வேலையில் இருந்தவள்தான், விட்டுவிட்டு வந்தேன். அவர் காலையில் போனால் இரவுதான் வருகிறார். வந்ததும் பேச ஆரம்பித்தால், "கொஞ்ச நேரம் சும்மா இருக்க விடு" என்கிறார். குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போடுவது யார் என்பதற்குக்கூடச் சண்டை. "நீயும் வெளியே போய்ப் பழகு" என்கிறார். எனக்குத் தனியாகக் கடைக்குப் போகவே பயமாக இருக்கிறது. அம்மாவிடம் வீடியோ காலில் சிரித்துப் பேசிவிட்டு, வைத்ததும் அழுகிறேன். நாங்கள் பொருத்தமில்லாத ஜோடியோ? ஊருக்கே திரும்பிவிடலாமா? (பெயரும் நாடும் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

திரும்பிப் போவதா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். பொருத்தம் உண்டா இல்லையா என்ற கேள்வியை அதற்கும் பின்னால் தள்ளிவையுங்கள். மூன்று வாரத்தை வைத்து ஒரு மணவாழ்க்கையை அளக்க முடியாது. அதிலும் முதல் வாரத்துச் சண்டைகளைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். இரண்டு நாடுகளுக்கும் இடையே எத்தனை மணி நேர வித்தியாசமோ, உடம்பு பழகக் கிட்டத்தட்ட அத்தனை நாள் ஆகும். இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு பகலில் தள்ளாடும் இருவர் எதற்கும் சண்டை போடுவார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இருவரும் ஒரே விமானத்தில் வந்தீர்கள், ஆனால் வந்து சேர்ந்த இடம் ஒன்றல்ல. அவருக்கு ஒரு மேசை இருக்கிறது, செய்ய வேலை இருக்கிறது, ஒரு நாள் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு இருப்பது வீட்டுச் சாவி மட்டும். வேலையை விட்டு வந்த உங்களுக்கு அது எத்தனை பெரிய இழப்பு என்பதை அவர் இன்னும் யோசித்துப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அதேசமயம் அவர் பக்கமும் ஒன்று உண்டு. பழகாத உச்சரிப்பைக் காது கூர்ந்து கேட்டு, எது வேடிக்கைப் பேச்சு எது கண்டிப்பு என்று ஊகித்து, ஒரு மின்னஞ்சலை நான்கு முறை திருத்தி அனுப்பி நாளை ஓட்டுகிறவருக்கு மாலையில் பேச்சே மிஞ்சாது. நாள் முழுக்கப் பேசாமல் இருந்த உங்களுக்கோ, கதவு திறக்கும் சத்தம்தான் நாளின் தொடக்கம். உங்கள் வீட்டுச் சண்டை பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரத்தில்தான் பிறக்கிறது. குப்பை வெறும் சாக்கு.

இதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வந்ததும் அரை மணி நேரம் அவருடையது. நீங்கள் எதுவும் கேட்காதீர்கள். அதற்கு அடுத்த அரை மணி நேரம் உங்களுடையது. அவர் செல்போனை வேறு அறையில் வைத்துவிட வேண்டும், முடிந்தால் இருவரும் வெளியே நடந்துகொண்டே பேச வேண்டும். இதைச் சண்டையின் நடுவில் சொல்லாதீர்கள். விடுமுறை நாளில், மனம் லேசாக இருக்கும்போது சொல்லுங்கள்.

அப்புறம், கடைக்குப் போகும் பயம். இது கோழைத்தனம் இல்லை. கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பெண்கள் சங்கத்தில் இதைப் பற்றித்தான் பேசினார். எப்போது கைகுலுக்குவது, கடையில் எப்படி வாங்குவது, ஒருவர் சொல்வதை எப்போது நிஜமென்று எடுத்துக்கொள்வது என்று நாம் யோசிக்காமலே செய்துவந்த நூறு சின்ன விஷயங்கள் புதிய நாட்டில் ஒரே நாளில் கைவிட்டுப் போகின்றன, பதற்றம் அதனால்தான் வருகிறது என்றார் அவர். ஆகவே அந்தச் சின்ன விஷயங்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒரே கடைக்கு, தினமும் ஒரே நேரத்தில் போங்கள். முதல் இரண்டு நாள் எதுவும் கேட்க வேண்டாம். மற்றவர்கள் வரிசையில் எப்படி நிற்கிறார்கள், பணம் கொடுக்கும்போது என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஒரு வாரத்தில் கல்லாவில் இருப்பவர் உங்களை அடையாளம் கண்டு தலையசைப்பார். பக்கத்தில் பொது நூலகமோ மொழி வகுப்போ இருந்தால் இந்த வாரமே போய் விசாரியுங்கள்.

உங்கள் பெயரில் சில விஷயங்கள் இருந்தாக வேண்டும்: சொந்த செல்போன் எண், வங்கிக் கணக்கு (அல்லது இருவர் பெயரிலும் ஒன்று), வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர். பல நாடுகளில் முகவரிச் சான்று இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. உங்கள் விசாவின் நிபந்தனைகளை நீங்களே படியுங்கள். துணைவராக வந்தவர் வேலை பார்க்கலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் நேரடியாக அனுமதி உண்டு, சில இடங்களில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், சில இடங்களில் கூடவே கூடாது. பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: அவர் பாஸ்போர்ட்டைத் தர மறுத்தாலோ, கைச்செலவுக்குப் பணம் தராமல் வெளியே போகவும் விடாமல் வைத்தாலோ, கை ஓங்கினாலோ என் பதில் முற்றிலும் வேறு. அப்போது பொறுமை காட்ட வேண்டாம். அந்த நாட்டு அவசர எண்ணையும் நம் தூதரக எண்ணையும் இன்றே செல்போனில் பதிந்துவைத்து, தயங்காமல் கூப்பிடுங்கள்.

அம்மாவிடம் நடிக்காதீர்கள். தனிமையாக இருக்கிறது, அழுகை வருகிறது என்று தாராளமாகச் சொல்லலாம். அன்றன்றைய சண்டையை மட்டும் சொல்ல வேண்டாம். நீங்கள் மறுநாள் சமாதானமாகிவிடுவீர்கள், தூரத்தில் இருக்கும் அம்மாவால் அவ்வளவு சீக்கிரம் மறக்க முடியாது.

திரும்பிப் போகும் பேச்சை ஆறு மாதம் கழித்து ஒரு தேதி குறித்து, அன்றைக்கு இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அதற்குள் தினமும் அழுகை நீடித்து, தூக்கமும் பசியும் போய்விட்டால் தேதிக்காகக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் படித்த நார்வே நாட்டவர்களைப் பற்றி 1955இல் வெளியான ஓர் ஆய்வில், வந்த புதிதில் இருந்தவர்களைவிட 6 முதல் 18 மாதம் தங்கியவர்களே அதிகம் சிரமப்பட்டது தெரிந்தது. எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, பலருக்கு உங்களைப் போலத் தொடக்கமே கடினம். ஆனால் இன்று தெம்பாகத் தெரியும் உங்கள் கணவர் பின்னால் சோர்ந்து போகலாம், அப்போது அந்த ஊரில் தெளிவாக நிற்பவர் நீங்களாக இருக்கலாம்.

இந்தப் பக்கத்தை அவரிடமும் கொடுங்கள். அவருக்கு ஒரு வார்த்தை: தம்பி, "வெளியே போய்ப் பழகு" என்று சொன்னால் போதாது. அலுவலகத்தில் முதல் நாள் உங்களுக்கு வழிகாட்ட யாரோ ஒருவர் இருந்திருப்பார். வீட்டில் அந்த ஆள் நீங்கள்தான். இந்த வாரம் அரை நாள் விடுப்பு எடுத்து, மனைவியை வங்கிக்கு அழைத்துப் போங்கள். அங்கே பேசுவது அவராக இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.