டீசல் பிக்கப்பில் ஆயில் கருகும் வாடை: எங்கே தேடுவது?

லோடு ஏற்றி மேட்டில் ஏறி நிறுத்தியதும் ஆயில் கருகும் வாடை, புகை இல்லை, ஓடும்போது தெரிவதில்லை என்கிறீர்கள். அப்படியானால் ஆயில் பெரும்பாலும் இன்ஜினுக்கு வெளியே, சூடான மேனிஃபோல்டு (புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) அல்லது டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) மேல் சொட்டிக் கருகுகிறது. உள்ளே எரிந்தால் சைலன்சரில் நீலப் புகை வரும்.

சமீபத்தில் ஆயில் மாற்றியிருந்தால், ஃபில்டர் கழற்றும்போது சிந்தியதாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் தானே போய்விடும்.

போகவில்லையென்றால், இன்ஜின் ஆறியபின் டேப்பட் கவர் (இன்ஜினின் மேல் மூடி) ஓரம், டர்போ ஆயில் பைப் முனைகள் எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டு, முகப் பவுடர் தூவுங்கள். 15 நிமிடம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் ஈரமாகிப் பழுப்பேறியிருக்கும் இடங்களில் மிக உயரமானதுதான் கசிவின் மூலம். கீழே தெரிவதெல்லாம் வழிந்தது.

டேப்பட் கவர் என்றால் பேக்கிங்கை (மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் பட்டை) மாற்றுங்கள். போல்ட்டை முறுக்கிச் சமாளிக்கப் பார்த்தால் கவர் வளைந்து கசிவு கூடும். டர்போ பைப் என்றால் செம்பு வாஷர்கள் புதிதாகவே போட வேண்டும். புது பேக்கிங்கும் சீக்கிரமே கசிந்தால் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள்; உள்ளழுத்தம் வெளியேற வழியில்லாமல் சீல்களைத் தள்ளும்.

கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயிலாக இருக்கலாம். காகிதம் கருகிய வாடை என்றால் கிளட்ச் பிளேட், ஆயிலைத் தேட வேண்டாம்.