அப்பா போனில் ஏறிய கேஒய்சி ஏபிகே: உடனே செய்ய வேண்டியது

கேஒய்சி (வங்கியின் அடையாளச் சரிபார்ப்பு) புதுப்பிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகேவை, அதாவது ஆப் இன்ஸ்டால் பண்ணும் ஃபைலை, அப்பா இன்ஸ்டால் பண்ணிவிட்டார், பணம் இன்னும் போகவில்லை என்கிறீர்கள். சரி, அந்த போனை முதலில் ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்க வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரி ஆப்கள் எஸ்எம்எஸ்ஸைப் படித்து, ஓடிபி அவர் கண்ணில் படும் முன்பே வெளியே அனுப்பிவிடும். வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு நெட்பேங்கிங், யுபிஐ, கார்டு எல்லாவற்றையும் முடக்கச் சொல்லுங்கள். நம்பரை கூகுளில் தேடாதீர்கள், அங்கேயும் போலி கஸ்டமர் கேர் உட்கார்ந்திருக்கும், கார்டின் பின்பக்கம் பாருங்கள். புகார் எண்ணைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ஒரு ரூபாய் போனாலும் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். அப்பாவைத் திட்ட வேண்டாம், அடுத்த தடவை சொல்லாமலே மறைத்துவிடுவார். அப்புறம் ஃபேக்டரி ரீசெட், அதாவது போனில் இருப்பதையெல்லாம் அழித்துப் புதிது போல ஆக்குவது. ஆப்பை மட்டும் நீக்கினால் போதாது, ஐகானையே மறைத்துக்கொள்ளும் ரகமெல்லாம் இருக்கிறது.